பக்கத்து சீட்டின் பிரேக்

எனக்குப் புற்றுநோய் என்று டாக்டர் சொன்னபோது நான் நாற்காலியிலேயேதான் இருந்தேன். ஒரு குழாய்க்குள் போய்ப் படுக்க வேண்டும் என்று சொன்னபோதுதான் எழுந்து கதவு வரைக்கும் போய்விட்டேன்.

"உக்காருங்கம்மா, நான் இன்னும் முடிக்கல" என்றார் டாக்டர்.

"நீங்க சொல்லுங்க டாக்டர். நான் நின்னுக்கிட்டே கேக்கறேன்."

கதவைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். என் வீட்டுக்காரர் என்னையும் டாக்டரையும் மாறி மாறிப் பார்த்தார். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் மனிதர். மெல்லப் பேசுவார், மெல்லச் சிரிப்பார். கோபப்படும் வேலையை மட்டும் கல்யாணமான நாளிலேயே என்னிடம் மொத்தமாக ஒப்படைத்துவிட்டார்.

டாக்டர் அறுவை சிகிச்சைக்காரர். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர், அதனாலேயே எனக்கு அவரைப் பிடித்திருந்தது. இடது மார்பில் இருக்கும் கட்டி சின்னதுதான் என்றார். ஊசி போட்டு எடுத்துப் பார்த்ததில் நோய் என்பது உறுதியாகிவிட்டது. கட்டியை மட்டும் எடுத்தால் போதுமா, மார்பையே எடுக்க வேண்டுமா என்பதுதான் இப்போது கேள்வி. என் மார்பு அடர்த்தியானதாம். ஏற்கெனவே எடுத்த எக்ஸ்ரே படத்தில் எல்லாமே வெள்ளையாகத் தெரிகிறது. வெள்ளைக்குள் இன்னொரு வெள்ளை ஒளிந்திருந்தால் கண்டுபிடிக்க முடியாது. வலது பக்கம் எப்படி என்றும் அடித்துச் சொல்ல முடியாது. அதற்காகத்தான் எம்ஆர்ஐ.

"குப்புறப் படுக்கணும். அரை மணி நேரத்துக்கு மேல ஆகும். அசையக் கூடாது. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?"

"முடியலைன்னா சொல்லுங்க. ஆபரேஷனுக்குத் தேதி குறிச்சாச்சு, படம் இல்லைன்னா நான் முழுசா எடுத்துடுவேன். பார்க்காம செய்யறப்ப எனக்குத் தெரிஞ்ச பத்திரமான வழி அதுதான். ஆனா அந்தப் பக்கத்தைப் பத்தி என்னால எதுவும் சொல்ல முடியாது."

பார்க்காமல் செய்வது. அந்த வார்த்தைதான் என்னைச் சுட்டது. நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பார்க்காமல் ரிவர்ஸ் எடுத்த ஒரே குற்றத்துக்காக எத்தனையோ பேரை வண்டியை விட்டு இறக்கி நடக்க விட்டிருக்கிறேன்.

என் காரில் ஓட்டுபவருக்குப் பக்கத்து சீட் என்னுடையது. அங்கே எனக்கென்று தனியாக ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்கிறவர் சுவரைப் பார்த்து வண்டியை விட்டால் நான் மிதிப்பேன். கொஞ்சம் அதிகமாகவே மிதிப்பேன் போலிருக்கிறது. என்னிடம் படித்தவர்கள் என் முதுகுக்குப் பின்னால் என்னை 'பிரேக்கம்மா' என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேரே சொல்ல எவருக்கும் துணிச்சல் வந்ததில்லை.

என் வண்டியில் யாரும் ஜன்னல் கண்ணாடியை ஏற்றக் கூடாது, மழை கொட்டினாலும் சரி. 'இன்ஜின் சத்தம் காதுல விழணும், அப்பதான் கியர் மாத்தக் கத்துக்குவே' என்பேன். லிஃப்டில் ஏற மாட்டேன். கேட்டால், படி ஏறுவது உடம்புக்கு நல்லது. சினிமாவுக்குப் போனால் வழியை ஒட்டிய சீட்தான், கால் நீட்ட வசதி. எங்கள் வீட்டுக் குளியலறைத் தாழ்ப்பாள் போடுவார் இல்லாமல் துருப்பிடித்துக் கிடக்கிறது. இதற்கெல்லாம் அடியில் இருப்பது பயம் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. இவ்வளவு வாய் பேசுகிறவளிடம் அதைக் கேட்கவும் யாருக்கும் தோன்றவில்லை.

ஆஸ்பத்திரியில் மனசுக்கு ஆலோசனை சொல்லும் ஓர் அம்மா இருந்தார். "சின்ன வயசுல உங்களை யாராவது ரூம்ல போட்டுப் பூட்டினாங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். கிணறு, குழி, அலமாரி என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்தார். எதுவும் இல்லை. அவருக்கு ஏமாற்றம். எனக்கும்தான். ஒரு காரணம் கிடைத்திருந்தால் அதன் மேல் கோபப்பட்டுத் தொலைத்திருக்கலாம். காரணமே இல்லாமல் நடுங்குவது மாதிரி அவமானம் வேறு கிடையாது.

முதல் முறை போனபோது, பயம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஸ்கேன் எடுக்கும் பெண், "மூடின இடம்னா உங்களுக்குப் பயம் இருக்கா?" என்று நேராகவே கேட்டாள். முப்பதை ஒட்டிய வயது, கறாரான முகம்.

"எனக்கா? நான் டிரைவிங் சொல்லித் தர்றவ."

"நான் கேட்டது அது இல்லையே."

"இல்லை. பயமெல்லாம் இல்லை."

வாட்ச், தோடு, ஹேர்பின் எல்லாவற்றையும் கழற்றி ஒரு தட்டில் வைத்தேன். மானம் மரியாதையையும் அதே தட்டில் வைத்தாயிற்று என்று நினைத்துக்கொண்டேன். முன்பக்கம் திறந்த அங்கி ஒன்றைக் கொடுத்தார்கள். மேடையில் மார்புக்காக இரண்டு பள்ளம், முகத்துக்காக ஒரு வளையம். அதில் குப்புறக் கவிழ்ந்தேன். கையில் ஒரு ரப்பர் பந்தைத் திணித்து, "முடியலைன்னா அழுத்துங்க" என்றாள். காதை அடைத்தாள். மேடை நகர்ந்தது.

என் முதுகில் குழாயின் கூரை உரசவில்லை. ஆனால் அது அங்கே இருக்கிறது என்று முதுகுக்குத் தெரிந்துவிட்டது. மூச்சு இழுத்தேன், பாதியில் நின்றது. மறுபடி இழுத்தேன், அதுவும் பாதி. அதற்கு மேல் நான் யோசிக்கவே இல்லை. பந்தை நசுக்கிய வேகத்தில் அது இன்னும் உருண்டையாக இருப்பதே ஆச்சரியம். மெஷின் ஒரு சத்தம்கூடப் போட்டிருக்கவில்லை, நான் வெளியே வந்து தரையில் உட்கார்ந்திருந்தேன்.

ஸ்கேன்காரி என் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள். "பயம்னு சொன்னீங்கன்னா அதுக்கு எங்கிட்ட வழி இருக்கு. பயமில்லைன்னு சொல்றவங்களுக்குத்தான் எங்கிட்ட வழி கிடையாது" என்றாள்.

"சரி, பயம்தான். போதுமா?" என்று எரிந்து விழுந்தேன்.

"போதும்" என்று எழுந்து போய், டாக்டரிடம் கேட்டு, பயத்தைத் தணிக்கும் ஒரு மாத்திரைக்கு ஏற்பாடு செய்தாள். முழுசாக மயக்கம் கொடுத்து எடுக்கலாம்தான், ஆனால் குப்புறப் படுத்தவரை மயக்கத்தில் வைத்துக் கவனிக்கத் தனி ஆள் வேண்டும், அதற்குக் காத்திருக்கிறவர்களின் வரிசை என் ஆபரேஷன் தேதியையும் தாண்டிப் போகிறது என்றாள். மாத்திரை போட்டுக்கொண்டால் துணைக்கு ஆள் வேண்டும், வண்டி ஓட்டக் கூடாது.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் வீட்டுக்காரர், "தைரியமா இரும்மா" என்றார். மறுநாள் காலையில் காபியோடு சேர்த்து அதையே கொடுத்தார். போனில் சொந்தக்காரர்கள் எல்லாரும் அதையேதான் சொன்னார்கள். தைரியமா இரு, தைரியமா இரு. என்னிடம் தைரியம் இல்லையென்று யார் சொன்னது? குடிபோதையில் லாரி ஓட்டி வந்தவனை நடுரோட்டில் நிறுத்திச் சாவியைப் பிடுங்கியவள் நான். தைரியம் வேறு, இது வேறு. இது மூச்சு சம்பந்தப்பட்டது. அதைப் புரியவைக்க முடியாமல் எல்லோர் போனையும் கட் செய்தேன்.

இரண்டாம் முறை வீட்டுக்காரரோடு என் நாத்தனாரும் துணைக்கு வந்தாள். வீட்டுக்காரரின் தங்கை, எங்கள் மாடியில் குடியிருக்கிறாள், சலவைக் கடையில் இஸ்திரி போடும் வேலை. நாள் முழுக்க இரும்புப் பெட்டியைத் தேய்த்துத் தேய்த்து அவள் கை மரக்கட்டை மாதிரி. அவளும் என்னிடம் கார் கற்றுக்கொள்கிறவள்தான். கற்றுக்கொள்கிறாள், கற்றுக்கொள்கிறாள், கற்றுக்கொண்டே இருக்கிறாள். லைசென்ஸ் பரீட்சைக்குப் போகும்போதெல்லாம் தோற்று வருவாள். என் பெயரைக் கெடுப்பதற்கென்றே பிறந்தவள் என்று வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறேன்.

மாத்திரை நன்றாக வேலை செய்தது. உலகம் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றுகொண்டது. கூரை இருந்தது, பயமும் இருந்தது, ஆனால் இரண்டும் பக்கத்து வீட்டுச் சண்டை மாதிரி சுவருக்கு அந்தப்பக்கம் கேட்டது. மெஷின் தட்டியது, உறுமியது, இடித்தது. கையில் குளிர்ச்சியாக மருந்து ஏறியது. பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். பந்தைத் தொடக்கூட இல்லை. மேடை வெளியே வந்தபோது, மார் தட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. எந்த மாரை என்பதுதான் தெரியவில்லை.

"முடிச்சுட்டேன் பாத்தியா?" என்றேன் ஸ்கேன்காரியிடம்.

அவள் சிரிக்கவில்லை. "உள்ள இருந்துட்டீங்க. அது பெரிய விஷயம்தான். ஆனா படம் கலங்கிப் போச்சு. நீங்க அசைஞ்சுட்டீங்க."

"நானா? கல்லு மாதிரி கிடந்தேன்!"

"சத்தம் மாறும்போதெல்லாம் உங்க வலது கால் மிதிக்குது. குப்புறப் படுத்து விரலை ஊன்றி மிதிச்சா உடம்பு மொத்தமும் முன்னாடி தள்ளிக்குது. நான் மைக்குல ரெண்டு மூணு தடவை சொன்னேன். நீங்க சரி சரின்னீங்க. உங்களுக்கே தெரியாம திரும்ப மிதிச்சீங்க."

நான் கத்தினேன். மெஷின் ஓட்டை என்றேன், அவளுக்கு வேலை தெரியவில்லை என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன், அதெல்லாம் இங்கே எழுதத் தேவையில்லை. அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, திரையில் என் படத்தைக் காட்டினாள். ஈரமான விரலால் தேய்த்துவிட்ட மாதிரி இருந்தது. மருந்து ஏற்றியாயிற்று, அதனால் இன்றைக்கே மறுபடி எடுக்க முடியாது, இன்னொரு நாள் வர வேண்டும். ஆபரேஷனுக்கு முன்னால் இன்னும் ஒரே ஒரு முறைக்குத்தான் இடம் இருக்கிறது.

அப்போதுதான் வாசலில் நின்ற என் நாத்தனார் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரித்தாள், ஆனாலும் சிரித்தாள்.

"என்னடி இளிப்பு?"

"அண்ணி, நீங்க பஸ்ல வந்தாக்கூட மிதிப்பீங்க. டிரைவர் திருப்பத்துல போறப்ப முன் சீட்டு ஆளு முதுகுல உதைச்சு, அந்த ஆளு திரும்பிப் பாத்து சண்டை வந்துச்சே, மறந்துட்டீங்களா? டிவியில கார் போனாலும் மிதிப்பீங்க. அண்ணன் காலுக்கு மேல எத்தனை தடவை!"

வெளியே இருந்த வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் தன் கால்விரல்களைப் பார்த்தார்.

மாத்திரை என் மனசோடு பேசிவிட்டது. காலுக்கு யாரும் தகவல் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து அழுதேன். நோய் என்று தெரிந்த நாளில் வராத அழுகை அது. உள்ளே போய், பயத்தைத் தின்று செரித்து, முழு நேரமும் கிடந்தும் எல்லாம் வீண். என் காலே எனக்கு எதிரி. வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவினார்.

"விட்டுடும்மா. டாக்டர்கிட்ட சொல்லிடலாம், முழுசாவே எடுத்துடட்டும். நீ இருந்தா போதும் எனக்கு. உன்னை இப்படி வதைக்கணுமா?"

அவர் அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்புதான் என்னை உசுப்பியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன். "பாக்காம எடுக்க விட மாட்டேன். அந்தப் பக்கத்துல என்ன இருக்குன்னு தெரியாம மிச்ச நாளெல்லாம் பயந்துக்கிட்டு கிடக்கணுமா? ஒரு தடவை பயந்து முடிச்சுடறேன்."

ஒத்திகை அன்றைக்கே தொடங்கியது. கட்டிலுக்கு அடியில் நான் குப்புறப் படுத்தேன். நாத்தனார் மிக்ஸியை வெறுமனே ஓட விட்டாள், தட்டில் கரண்டியால் அடித்தாள். சத்தம் மாறியபோதெல்லாம் என் கால் மிதித்தது. இந்தத் தடவை நானே பார்த்தேன், உணர்ந்தேன், நிறுத்த முடியவில்லை. நாத்தனார் தன் இஸ்திரிக் கையால் காலை அமுக்கிப் பிடித்தாள். கால் அவளோடு மல்லுக்கு நின்றது. ஒரு தடவை அவள் முகவாயிலேயே உதைத்துவிட்டேன்.

முகவாயைத் தடவிக்கொண்டு அவள் கட்டிலுக்கடியில் குனிந்து என்னைப் பார்த்தாள். இந்த முறை சிரிக்கவில்லை.

"நான் ஒண்ணு சொன்னா கோச்சுக்குவீங்க."

"கோச்சுக்குவேன். சொல்லு."

"நான் ஏன் பரீட்சையில தோக்கறேன்னு உங்களுக்குத் தெரியுமா? பிரேக் போடாம போய்ட்டேன்னுதான் எல்லாத் தடவையும் எழுதிக் குடுக்கறாங்க. உங்க கூட ஓட்டறப்ப நான் பிரேக் போட்டதே இல்லை அண்ணி. நான் காலைத் தூக்கறதுக்கு முன்னாடியே நீங்க போட்டுடுவீங்க. எனக்கு பிரேக்குன்னா அது அண்ணி போடற சமாச்சாரம். அந்த ஆபீசர் பக்கத்துல உக்காந்தா, நான் பாட்டுக்குப் போய்க்கிட்டே இருக்கேன். யாராவது போடுவாங்கன்னு."

கட்டிலுக்கடியில் கிடந்தபடி இதைக் கேட்பது ரொம்பச் சங்கடம். எழுந்து அறையவும் முடியாது.

"உங்க கால் யாரையும் நம்பாது" என்றாள். "அதைப் புடிச்சு அமுக்கி ஒண்ணும் ஆகாது. நான் ஓட்டறேன், நீங்க மிதிக்காம உக்காருங்க. அதுதான் ஒத்திகை."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. கோபத்தோடு கோபமாகச் சாவியை எடுத்து அவளிடம் எறிந்தேன்.

ஊருக்கு வெளியே காலி மைதானத்துக்குப் போனோம். பக்கத்து சீட்டில் செருப்பைக் கழற்றிவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டேன். நாத்தனார் வண்டியை எடுத்தாள். என் வலது கால் மடிக்குள் கிடந்து துடித்தது, பிடித்துவைத்த கோழி மாதிரி. கையால் பாதத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஒரு சுற்று. இன்னொரு சுற்று. தூரத்தில் மைதானத்துச் சுவர் வந்தது.

"பிரேக்" என்றேன்.

"தெரியுது."

"பிரேக்குடி!"

"தெரியுதுன்னேன்ல!"

சுவரோரம் ஒரு குப்பைத் தொட்டி இருந்தது. அவள் பிரேக் போட்டாள். போட்டாள்தான், ஆனால் தொட்டியை ஒரு முட்டு முட்டிய பிறகு போட்டாள். தொட்டி சாய்ந்தது. பம்பரில் ஒரு சொட்டை விழுந்தது. நான் இறங்கிப் பார்த்தேன். என் வண்டியில், நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, முதல் சொட்டை.

யாரும் சாகவில்லை. வானம் அப்படியேதான் இருந்தது. சம்மணம் போட்ட கால் மரத்துப்போயிருந்தது, அவ்வளவுதான்.

"இன்னொரு தடவை" என்றேன்.

அடுத்த முறை சுவருக்கு ரொம்ப முன்னாலேயே நிறுத்தினாள். அதற்கடுத்த முறை சரியான இடத்தில். மறுநாள் தெருவுக்கே வந்துவிட்டோம். ஒரு திருப்பத்தில் சைக்கிள்காரர் குறுக்கே வந்தபோது, நான் மூச்சை நிறுத்திக்கொண்டு கண்ணை மூடிவிட்டேன். வண்டி தானாக நின்றது. தானாக அல்ல, அவள் நிறுத்தினாள். கண்ணைத் திறந்தபோது என் இரண்டு கையும் மடியில் சும்மா கிடந்தன. பாதத்தைப் பிடித்திருந்ததை எப்போது விட்டேன் என்று எனக்கே தெரியவில்லை.

மூன்றாம் முறை போனபோது ஸ்கேன்காரி எங்களுக்காக யோசித்து வைத்திருந்தாள். கணுக்காலுக்குக் கீழே தடிமனான திண்டை வைத்து, விரல்கள் எதையும் தொடாமல் அந்தரத்தில் இருக்கும்படி செய்தாள். "மிதிச்சாலும் மிதிக்க ஒண்ணும் இருக்காது" என்றாள். நான் போன முறை கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். "இதைவிட மோசமாத் திட்டினவங்க இருக்காங்க" என்றாள். அந்த இடத்தில் நான் முதலாவதாக வரவில்லை என்பதில் எனக்குச் சின்ன வருத்தம்.

நாத்தனார் உள்ளே வரலாமா என்று கேட்டேன். உடம்பில் இரும்பு, பிளேட், மெஷின் ஏதாவது உண்டா என்று அவளைக் குடைந்தெடுத்துக் கேட்டுவிட்டு, ஹேர்பின்களை எல்லாம் கழற்றச் சொல்லிச் சம்மதித்தாள். நாத்தனாரின் தலைக்குள்ளிருந்து பின்கள் வந்துகொண்டே இருந்தன. காதை அடைத்துக்கொண்டு, என் கால்மாட்டில் முக்காலி போட்டு உட்கார்ந்தாள்.

"அண்ணி, வண்டியை நான் ஓட்டறேன். நீங்க வெறும் பயணி. புரியுதா?"

"ரொம்ப ஆடாதே."

"இன்னைக்கு முடியலைன்னாலும் எனக்கு உங்க மேல கோபம் வராது" என்றாள் ஸ்கேன்காரி.

"எனக்கு வரும்" என்றேன். பந்தைக் கையில் வாங்கிக்கொண்டேன். அரை மாத்திரை போதும் என்று டாக்டரிடம் கேட்டு வாங்கிப் போட்டிருந்தேன். மேடை நகர்ந்தது.

பயம் வந்தது. வராமல் இருக்கும் என்று நினைக்கவும் இல்லை. மூச்சைப் பாதியில் வெட்டியது, முதுகில் கூரையை இறக்கியது. இந்தக் குழாய்க்குள் நான் செத்துப்போவேன் என்று மனசு ஓலமிட்டது. நானும் திருப்பித் திட்டினேன். வாய் திறக்காமல், எனக்குத் தெரிந்த அத்தனை ரோட்டு வசவுகளையும் வரிசையாகத் திட்டினேன். லாரிக்காரனுக்குச் சொன்னது, ஹாரனை அழுத்திக்கொண்டே வருகிறவனுக்குச் சொன்னது, எல்லாம். 'வா, வந்து உக்காரு. நீயும் கூட வா. ஆனா இறங்க மாட்டேன்' என்றேன் பயத்திடம். அது போகவில்லை. உட்கார்ந்துகொண்டது. பாதி மூச்சும் மூச்சுதான் என்று இழுத்தேன்.

மெஷின் தட்ட ஆரம்பித்தது. கியர் விழாமல் உரசும் சத்தம். என் பாதத்தின் மேல் நாத்தனாரின் கை வந்து உட்கார்ந்தது. அமுக்கவில்லை, பிடிக்கவில்லை, வெறுமனே இருந்தது. சூடாக இருந்தது. சத்தம் மாறியது. தொடையில் ஒரு துடிப்புக் கிளம்பி முழங்கால் வரை வந்தது. 'அவ போடுவா' என்று சொன்னேன் காலிடம். 'முன்னாடியே பாத்துட்டா. அவ போடுவா.' துடிப்பு முழங்காலிலேயே நின்று, திரும்பிப் போனது.

ஒவ்வொரு சத்தம் முடிந்ததும் அவள் என் பாதத்தில் ஒரு தட்டுத் தட்டினாள். முடிஞ்சுது, அடுத்தது. முடிஞ்சுது, அடுத்தது. கையில் குளிர்ச்சி ஏறியது. மூக்கிலிருந்து தண்ணீர் ஒழுகி வளையத்துக்குள் சொட்டியது, துடைக்க முடியவில்லை. அது கண்ணீரா என்று கேட்காதீர்கள், குப்புறக் கிடக்கும்போது எல்லாம் ஒரே வழியில்தான் வருகிறது. பந்து என் உள்ளங்கையில் இருந்தது. அழுத்தலாம். எப்போது வேண்டுமானாலும் அழுத்தலாம். என் பிரேக் என் கையில் இருந்தது. கடைசி வரைக்கும் அங்கேயே இருந்தது.

வெளியே வந்தபோது முகத்தில் வளையத்தின் அச்சு பதிந்திருந்தது. ஸ்கேன்காரி கண்ணாடிக்கு அந்தப்பக்கத்திலிருந்து கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். அந்தக் கறார் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. நாத்தனார் முக்காலியிலிருந்து எழ முடியாமல் எழுந்தாள். அவளுக்குத்தான் கால் மரத்துப்போயிருந்தது.

முடிவு சொல்லும் நாளில் டாக்டர் அறையில் நான் உட்கார்ந்தேதான் கேட்டேன். கதவை மட்டும் திறந்து வைக்கச் சொன்னேன். டாக்டர் எழுந்து போய் அவரே திறந்து வைத்தார்.

படம் தெளிவாக இருந்தது. வலது பக்கம் சுத்தம், ஒன்றுமே இல்லை. இடது பக்கத்தில், எங்களுக்குத் தெரிந்த கட்டிக்குப் பின்னால், தள்ளி, இன்னொரு புள்ளி. அதையும் ஊசி போட்டுப் பார்த்தார்கள், அதுவும் நோய்தான். கட்டியை மட்டும் எடுத்து நிறுத்திக்கொள்ள முடியாது. மார்பை முழுசாக எடுக்க வேண்டும்.

"எடுங்க" என்றேன். குரல் நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

வெளியே வராந்தாவில் வீட்டுக்காரர் சுவரில் சாய்ந்துகொண்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டார். அவர் அழுவதை நான் பார்க்கக் கூடாதாம்.

"கடைசியில அதேதானேம்மா" என்றார். "அன்னிக்கே முழுசா எடுத்துடுங்கன்னு சொல்லியிருந்தா, நீ இவ்வளவு பாடு பட்டிருக்க வேண்டாமே."

"அதே இல்லீங்க." அவர் கையிலிருந்த கண்ணாடியை வாங்கி அவர் முகத்தில் மாட்டிவிட்டேன். "அன்னிக்கு எடுத்திருந்தா, என் பயத்துக்காக எடுத்தது. இன்னிக்கு எடுக்கறது நோய்க்காக. நோய்க்குக் குடுக்கறேன், வேற வழியில்லை. பயத்துக்கு ஒரு விரல் நகம்கூடக் குடுக்க மாட்டேன்."

அவர் வழக்கமாகச் சொல்வதைச் சொல்ல வாயெடுத்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கிக்கொண்டார்.

அவர் லிஃப்டில் இறங்கினார். நான் படியில் இறங்கினேன். எனக்கு ஏதோ குணமாகிவிட்டது என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். லிஃப்ட் கதவு மூடும் சத்தம் கேட்டாலே இன்னமும் ஓரடி பின்னால் நகர்ந்துவிடுகிறேன். இனியும் ஸ்கேன்கள் வரும், வருஷா வருஷம் வரும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வரட்டும், ஒவ்வொரு முறையும் பயந்துகொண்டேதான் போவேன், ஆனால் போவேன்.

வாசலில் நாத்தனார் வண்டியோடு நின்றாள். என் முகத்தைப் பார்த்தாள், அண்ணன் முகத்தைப் பார்த்தாள். பக்கத்து சீட்டின் கதவைத் திறந்துவிட்டாள். பம்பரின் சொட்டை அப்படியே இருந்தது. தட்டி எடுக்க வேண்டாம் என்று நான்தான் சொல்லியிருந்தேன்.

வீட்டுக்காரர் பின்னால் ஏறிக்கொண்டு, பழக்கதோஷத்தில் தன் கால்விரல்களை உள்ளே இழுத்துக்கொண்டார். நான் ஏறி, பெல்ட்டை இடது மார்பின் மேல் பார்த்து மெதுவாக இழுத்துப் போட்டேன். செருப்பைக் கழற்றினேன். காலை மடக்கிச் சம்மணம் போட்டேன்.

"எடு வண்டியை."

அவள் கண்ணாடியில் பின்னால் பார்த்தாள், பக்கத்தில் பார்த்தாள். நான் சொல்லவே இல்லை, அவளே பார்த்தாள். பிறகு கியரைப் போட்டுக்கொண்டே கேட்டாள்: "வெளிய தூசியா இருக்கு அண்ணி, ஜன்னலை ஏத்தட்டுமா?"

"கையை வெட்டிடுவேன்" என்றேன்.